அவர் சொன்னதும் நான் கேட்டதும்

ஊசியில் மருந்தை ஏற்றிக் கையில் பிடித்திருந்தேன்.

அறுவை மேசையில் படுத்திருந்தவர் முஸ்யே லவ்வா, அதாவது திரு. லவ்வா. ஐம்பது வயது இருக்கும். மாண்ட்ரியல் தெருக்களில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். அவருக்குக் குடலிறக்க அறுவை. அவரைத் தூங்கவைக்க வேண்டியவள் நான். மயக்க மருத்துவத்தில் எனக்கு அது பயிற்சியின் இரண்டாவது வருடம்.

காலை எட்டு மணி. ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறம் பனி உறைந்து வெளுத்திருந்தது. அறைக்குள் ஸ்பிரிட் வாசனை. அடுத்த அறையில், அறுவை செய்யவிருந்த டாக்டர் பெல்மார் முழங்கை வரை கை கழுவும் சத்தம் கேட்டது.

"கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"தெஜெனே சாப்பிட்டேன் டாக்டர். அதோடு சரி. அப்புறம் தண்ணீர்கூட இல்லை."

பாண்டிச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் 'தெஜெனே' என்றால் மதியச் சாப்பாடு. இப்போது மணி காலை எட்டு. ஆகவே அவர் சொல்வது நேற்று மதியம். ராத்திரிச் சாப்பாட்டைக்கூட விட்டிருக்கிறார், சொன்ன பேச்சுக் கேட்கிற மனிதர் என்று நினைத்துக்கொண்டு, தாளில் 'கடைசி உணவு: நேற்று மதியம்' என்று எழுதினேன்.

அவருக்கு வைக்க வேண்டிய ஆக்சிஜன் முகமூடியை எடுத்துக்கொண்டு அவர் முகத்தருகே குனிந்தேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

காபி வாசனை வந்தது.

நான் காபியோடு வளர்ந்தவள். இருபது மணி நேரத்துக்கு முன்னால் குடித்த காபி வாயில் இப்படி மணக்காது. இது சற்றுமுன் குடித்தது.

"முஸ்யே லவ்வா, காபி எப்போது குடித்தீர்கள்?"

"தெஜெனேயோடுதான்."

"தெஜெனே எப்போது?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்றைக்குக் காலையில்தான் டாக்டர். ஆறரை மணிக்குத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு முட்டை, ரொட்டி, காபி. முட்டைதான் ஆறிப்போயிருந்தது."

ஊசியைத் தட்டில் வைத்தேன். தாளில் எழுதியிருந்ததை அடித்தேன்.

மருத்துவம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வயிறு நிறைந்திருக்கும்போது மயக்கம் கொடுத்தால், உள்ளே இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். இறங்கினால், சாதாரணக் குடலிறக்கத்துக்கு வந்த மனிதர் வீடு திரும்பாமலே போகலாம்.

மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும்

டாக்டர் பெல்மார் ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். உயரமான மனிதர். அவர் வந்தால் அறையில் மற்றவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

"ஏன் இன்னும் தூங்கவைக்கவில்லை?"

"இன்று அறுவை செய்ய முடியாது. இவர் காலையில் சாப்பிட்டிருக்கிறார்."

"நீங்கள் கேட்கவில்லையா?"

"கேட்டேன். தெஜெனே என்று சொன்னார். நான் அதை நேற்று மதியம் என்று புரிந்துகொண்டேன்."

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். முகமூடிக்குள் யார் என்று தெரியவில்லை.

"தெஜெனே என்றால் காலைச் சாப்பாடு. மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும்" என்றார் பெல்மார். "நோயாளி பேசுவது புரியாத மயக்க மருத்துவரை வைத்துக்கொண்டு நான் கத்தியைத் தொட மாட்டேன்."

கையுறை போடாமலே திரும்பிப் போனார்.

வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண் தவறுதலாக அவருக்கும் தட்டு வைத்துவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. அது அவள் பிழை. அவர் சொன்னதைத் தப்பாக எழுதிக்கொண்டது என் பிழை. இரண்டும் சேர்ந்து ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

அந்த வாரமே பெல்மார் எங்கள் பிரிவுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். தலைவர் என்னைக் கூப்பிட்டு, கடிதத்தை மேசையில் வைத்தார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"உங்கள் வேலையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பனிக்காலம் முடிந்ததும் கமிட்டி கூடும். உங்கள் மூன்றாம் வருடத்தை இங்கேயே தொடர்வதா, வேண்டாமா என்று அப்போது முடிவெடுப்பார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கு ஏதாவது வேண்டும்."

என் பிரெஞ்சு மேலான பிரெஞ்சு

இந்த அவமானம் எனக்கு ஏன் அவ்வளவு உறைத்தது என்று சொல்ல வேண்டுமானால், என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் எங்கள் முதல் பனிக்காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அப்போது மாண்ட்ரியலில் இருந்த தமிழ்க் குடும்பங்களை இரண்டு கை விரல்களால் எண்ணிவிடலாம். பேராசிரியர்கள், டாக்டர்கள், என் கணவர் ரகுவைப் போல எஞ்சினியர்கள். எல்லாரும் ஆங்கிலத்தில் காலம் தள்ளினார்கள். டாக்டர்கள் ஆங்கிலம் பேசும் மருத்துவமனைகளாகப் பார்த்துப் போனார்கள். நான் ஒருத்திதான் பிரெஞ்சு மருத்துவமனைக்கு விண்ணப்பம் போட்டேன்.

பாண்டிச்சேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பத்து வருடம் பிரெஞ்சு படித்தவள் நான். இலக்கணத்தில் எப்போதும் முதல். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு யாராவது தமிழர் வந்தால், ரகு பெருமையாக, "சரஸ்வதி இங்கே உள்ளவர்களைவிட நல்ல பிரெஞ்சு பேசுவாள்" என்பார். நான் மறுத்ததில்லை.

உண்மையில் என் மனதுக்குள் அதுதான் இருந்தது. தெருமுனை தெப்பனரில், அதாவது பால், ரொட்டி, சிகரெட் விற்கும் சின்னக் கடையில், கடைக்காரர் பேசுவது பாதி எனக்குப் புரியாது. சொற்களை விழுங்குவார், இழுப்பார். நான் பேசுவது அவருக்கும் புரியாது. நான் முடிந்தவரை சுத்தமாக, பாடப்புத்தகத்தில் உள்ளபடி மறுபடியும் சொல்வேன். அவர் இன்னும் குழம்புவார். பாவம், இவருக்குச் சரியான பிரெஞ்சு தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வருவேன்.

ஒரு பிரெஞ்சுச் சொல்லும் தெரியாத ரகு அதே கடைக்குப் போய், கையைக் காட்டி, தலையை ஆட்டி, "போன்ஜூர், மெர்சி" இரண்டை வைத்துக்கொண்டு எல்லாம் வாங்கி வருவார். கடைக்காரரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதுகூட அவருக்குத்தான் முதலில் தெரிந்தது.

மருத்துவமனையிலும் அப்படியே. நோயாளி சொல்வது புரியாவிட்டால் நான் திருப்பிக் கேட்க மாட்டேன். கேட்டால் எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று ஆகிவிடுமே. அனுமானித்துக்கொள்வேன். பெரும்பாலும் அனுமானம் சரியாகவே இருந்தது. அதுதான் ஆபத்து.

வெளிக்கிட்டிட்டம்

தலைவர் கூப்பிட்டுப் பேசிய அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ராணியும் அவள் கணவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அந்தக் காலத்தில் இலங்கைத் தமிழர் இங்கே மிகக் குறைவு. ராணி என்னைவிட நாலு வயது சின்னவள். வீட்டிலிருந்து கிளம்பும்போது போன் செய்தாள்.

"அக்கா, நாங்கள் வெளிக்கிட்டிட்டம். அரை மணித்தியாலத்திலை வந்திடுவம்."

ராணியோடு பழகிய புதிதில் இந்தச் சொல்லைக் கேட்டு நான் திகைத்தது நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் 'வெளிக்கு' என்று தொடங்கினால் அது காலைக்கடன் சமாசாரம். குடும்பத்தோடு அதை முடித்த செய்தியை எதற்காக இந்தப் பெண் போன் செய்து சொல்கிறாள் என்று ரகுவிடம் கேட்டேன். அவர் சிரித்து, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, "அவங்க புறப்பட்டுட்டாங்கன்னு அர்த்தம்மா" என்றார். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

அன்று சாப்பாட்டின் நடுவே மருத்துவமனையில் நடந்ததைச் சொன்னேன். முட்டைக்கோஸ் பொரியல் ஆறிக்கொண்டிருந்தது. ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று புலம்பினேன்.

ராணி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியளே அக்கா?" என்றாள்.

"சொல்லு."

"நான் கதைக்கிறதும் உங்களுக்குச் சில நேரம் விளங்கிறேல்லை. எனக்குத் தெரியும். ஆனா நீங்கள் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. தலையை ஆட்டிப்போட்டு இருந்திடுவியள். பேந்து ரகு அண்ணையிட்டைக் கேப்பியள்."

ரகு தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு முகம் சூடானது. கோபம்தான். இரண்டு நாள் ராணிக்குப் போன் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பேச்சில் பத்தில் நாலு சொல் எனக்குப் புரியவில்லை. இத்தனை நாள் அந்த நாலு சொல்லும் அவர்கள் தப்பு என்று இருந்தேன். முதல்முறையாக, அவை என்ன சொற்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

ஜினெத்தோடு மதியச் சாப்பாடு

அறுவை அறையில் ஜினெத் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். கணீரென்ற குரல், மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். அன்று முகமூடிக்குள் சிரித்தது அவள்தான் என்று எனக்குச் சந்தேகம். அவளிடம் போனேன்.

"இங்கே மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்களோ அதை எனக்குச் சொல்லித் தர முடியுமா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள் பேசுவது ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். எங்களுக்கு உங்களிடம் வாயைத் திறக்கவே பயம். தப்பாகப் பேசுகிறோம் என்று நினைப்பீர்களோ என்று."

"நினைத்தேன்" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அன்றைக்குச் சிரித்ததும் நான்தான்" என்றாள். அதோடு கணக்குத் தீர்ந்தது.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு டாக்டர்கள் மேசையில் இல்லை. ஜினெத், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள், சமையலறைப் பெண்கள் உட்காரும் நீள மேசையில் போய் உட்கார்ந்தேன். நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். இங்கே காலைச் சாப்பாடு தெஜெனே, மதியம் தினே, ராத்திரி சூப்பே. என் பாண்டிச்சேரிக் கணக்கில் எல்லாம் ஒரு வேளை தள்ளிப்போயிருந்தது. முதுகு 'பூட்டிக்கொண்டது' என்றால் பிடித்துக்கொண்டது. 'தாந்தோ' என்றால் கொஞ்ச நேரம் முன்பாகவும் இருக்கலாம், கொஞ்ச நேரம் கழித்தாகவும் இருக்கலாம். மாத்திரை சாப்பிட்டாயிற்றா, இனிமேல்தானா என்பதை அந்தச் சொல்லை வைத்து முடிவு செய்யவே கூடாது.

பழைய தப்புகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முன்பு ஒரு வயதான கன்னியாஸ்திரீயிடம் மது உண்டா என்று கேட்டிருந்தேன். அது கிடையாது, தினம் இரண்டு 'லிகேர்' மட்டும் குடிப்பேன் என்று கூச்சமில்லாமல் சொன்னார். பாண்டிச்சேரியில் லிகேர் என்றால் காரமான இனிப்புச் சாராயம். நான் அதிர்ச்சியை மறைத்துக்கொண்டு தாளில் 'தினமும் மது' என்று எழுதினேன். இங்கே லிகேர் என்றால் சோடா, கலர். இதைச் சொன்னதும் மேசையில் எல்லாரும் சிரித்த சிரிப்பில் சூப் சிந்தியது. நானும் சிரித்தேன். ஆனால் மாலையில் பதிவேட்டு அறைக்குப் போய் அந்த அம்மாளின் தாளைத் தேடிப்பிடித்துத் திருத்தினேன்.

என் கேள்விகளை மாற்றினேன். எந்த வேளைச் சாப்பாட்டின் பெயரையும் சொல்வதில்லை. "இன்று கண் விழித்ததிலிருந்து வாய்க்குள் என்னென்ன போயிற்று? தண்ணீர், காபி, மாத்திரை, மிட்டாய்?" என்று கேட்பேன். பதிலை என் வாயால் திருப்பிச் சொல்லி, "நான் சொன்னது சரியா?" என்று கேட்பேன். கடைசியாக, "வேறு என்ன?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன்.

அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அப்போதுதான் மனிதர்கள் பேசினார்கள். பல்செட் வைத்திருப்பதை, ராத்திரி மூச்சு முட்டுவதை, பயத்தை.

பெல்மார் ஒருநாள் வார்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "டாக்டர் பாதிரியார் மாதிரி பாவ அறிக்கை கேட்கிறாரா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நாலே சொல்

கமிட்டி கூட மூன்று வாரம் இருந்தபோது தெஸ்பினா வந்தாள். கிரேக்கப் பெண், முப்பத்தைந்து வயது. எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில் அப்போது தெருவுக்குத் தெரு கிரேக்கக் குடும்பங்கள். பித்தப்பையில் கல். மறுநாள் காலை பெல்மாரின் பட்டியலில் முதல் அறுவை. அவளுக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கணவர் கோஸ்தாஸ் உணவுவிடுதிச் சமையற்காரர். ஓரளவு பிரெஞ்சு பேசுவார். பிற்பகலில் நான் பார்க்கப் போனபோது அவர்தான் நடுவில் நின்று சொன்னார்.

எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கடைசியில், "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அறுவை நடந்திருக்கிறதா? மயக்கத்தில் ஏதாவது தொந்தரவு வந்ததா?" என்று கேட்டேன்.

கோஸ்தாஸ் கேட்டார். தெஸ்பினா பேச ஆரம்பித்தாள். பேசினாள், பேசிக்கொண்டே போனாள். கையால் எதையோ பிழிவது போல, திரும்பத் திரும்பப் பிழிவது போல, காட்டினாள். நடுவில் குரல் உடைந்தது. கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டாள்.

கோஸ்தாஸ் என் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு அறுவை. நன்றாயிருக்கிறான்."

பிரெஞ்சில் எண்ணிப் பார்த்தால் நாலே சொல்.

அந்த நேரம் பெல்மார் வார்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். "முடிந்ததா?" என்றார்.

"இல்லை."

"அவர் பதில் சொல்லிவிட்டாரே."

"அந்த அம்மாள் இரண்டு நிமிஷம் பேசினார். எனக்கு நாலு சொல்தான் வந்தது."

பெல்மார் கடிகாரத்தைப் பார்த்தார். முன்பு என்றால் நான் அனுமானித்துக்கொண்டு தாளை மூடியிருப்பேன். அன்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தெஸ்பினாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் காட்டியது போலவே என் கையால் பிழிந்து காட்டி, "இது என்ன?" என்று கோஸ்தாஸிடம் கேட்டேன்.

"அது ஊர்க்கதை டாக்டர். உங்களுக்கு வேண்டாம்."

"எனக்கு வேண்டும். அவர் சொன்னதை எல்லாம் சொல்லுங்கள். நீங்கள் குறைக்க வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் நான் உட்கார்ந்திருக்கிறேன்."

அவர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கிரேக்கத்தில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் தெஸ்பினாவின் தம்பிக்குக் குடல்வால் அறுவை. அது அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அவன் மூச்சு விடவில்லை. கை கால் அசையவில்லை. ஒரு ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மாலை வரைக்கும் மூச்சுக் கொடுத்தார்கள். அம்மா பிணத்துக்கு அழுவது போல அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு தானாக விழித்தான்.

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"சொன்னால் நீங்கள் பயந்து அறுவை வேண்டாம் என்று விடுவீர்கள். அவள் ஆறு மாதமாக வலியில் துடிக்கிறாள்."

எனக்குப் புல்லரித்தது. மயக்கம் கொடுக்கும்போது தசைகளைத் தளரவைக்க நாங்கள் ஒரு ஊசி போடுவோம். நாலைந்து நிமிஷத்தில் அதன் வேலை முடிந்துவிடும். ஆனால் சில குடும்பங்களில் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை உண்டு. அவர்களுக்கு அந்த ஊசி போட்டால் மணிக்கணக்கில் மூச்சே வராது. புத்தகத்தில் படித்திருந்தேன், பார்த்ததில்லை.

பெல்மாரிடம் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். "கிராமத்து மருத்துவமனை. மருந்தை அதிகமாகப் போட்டிருப்பார்கள்."

"இருக்கலாம். ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறேன். பதில் வரச் சில நாள் ஆகும். நாளை அந்த ஊசியை நான் போட மாட்டேன். வேறு மருந்து இருக்கிறது."

"எனக்கு எட்டு மணிக்கு நோயாளி தயாராக இருக்க வேண்டும்."

"இருப்பார்."

எட்டு மணிக்கு தெஸ்பினா தூங்கிக்கொண்டிருந்தாள். அறுவை முடிந்து, மருந்தை நிறுத்தி, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள். தானாக மூச்சு விட்டாள். என் விரலைப் பிடித்து அழுத்தினாள். எதிரே நின்ற ஜினெத் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

கமிட்டி

சோதனையின் முடிவு பத்து நாள் கழித்து வந்தது. குறை இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு படியில் ஓடினேன். முப்பது வயதுக்கு மேல் புடவையோடு படியில் ஓடியது அது ஒருமுறைதான். தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்றார்.

"அந்த அம்மாளே சொன்னார்."

கமிட்டி கூடிய அன்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், பெல்மாரும் உண்டு. தலைவர் முதலில் பெல்மாரின் பழைய கடிதத்தைப் படித்தார். பிறகு சோதனை முடிவைப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தெஜெனே விஷயத்தில் என்ன நடந்தது என்று கேட்டார்.

என் பிரெஞ்சு சரியான பிரெஞ்சுதான், பள்ளியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள் என்று வாதாட எனக்கு வழி இருந்தது. மாதக்கணக்கில் மனதுக்குள் ஒத்திகையும் பார்த்திருந்தேன். அந்த அறையில் நின்றபோது அதைச் சொல்லத் தோன்றவில்லை.

"அவர் சொன்னது தெளிவாக இருந்தது. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நான் திருப்பிக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்."

தலைவர், "டாக்டர் பெல்மார், உங்கள் கடிதத்தை அப்படியே வைத்துக்கொள்ளட்டுமா?" என்றார்.

பெல்மார் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "மூன்றாம் வருடம் இங்கேயே இருக்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பேச்சு.

வெளியே வந்தேன். நடைபாதை முனையில் ஜினெத்தும் சமையலறைப் பெண்கள் இருவரும் நின்றார்கள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். ஜினெத் என்னைக் கட்டிக்கொண்டு தட்டாமாலை சுற்றினாள். அன்று சாயங்காலம் ராணிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவள் வேகமாக என்னவோ சொல்லி முடித்தாள். எனக்கு விளங்கவில்லை.

"என்ன சொன்னே ராணி? திருப்பிச் சொல்லு."

"நல்லாச் சந்தோசமாக் கிடக்குது எண்டு சொன்னனான் அக்கா" என்றாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

அதற்குள் தெஸ்பினாவின் உறவுக்காரர்கள் அதே சோதனைக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு தங்கைகள், ஒரு சித்தப்பா, அவர் பிள்ளைகள் என்று ஏழு பேர் ஈரப் பூட்ஸோடு வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். கடைசித் தங்கைக்கும் அந்தக் குறை இருந்தது. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. 'இந்த ஊசி போடக் கூடாது' என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கிரேக்கத்திலும் எழுதிய அட்டை ஒன்றை அவள் கைப்பையில் வைத்து அனுப்பினோம். கோடையில் அவளுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளை எடுக்க வேண்டியிருந்தது, வேறொரு மருத்துவமனையில். அட்டையைக் காட்டினாள். தாயும் பிள்ளையும் சுகம். மூன்று கிலோவுக்குக் குறையாத பெண் குழந்தை.

அம்மாவை அழைத்து வந்தவர்

என் மூன்றாம் வருடத்தின் பாதியில், ஒரு மத்தியானம் பெல்மார் என் அறை வாசலில் வந்து நின்றார். அதற்குமுன் அவர் அங்கே வந்ததில்லை. என்ன தேவையானாலும் ஆள் அனுப்புவார்.

"என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு. எலும்பு டாக்டர் அறுவை செய்கிறார். எண்பது வயது. காது சரியாகக் கேட்காது. பிடிவாதக்காரி. நீங்கள் மயக்கம் கொடுக்க முடியுமா?"

"கொடுக்கிறேன். இன்றைக்கே பார்க்கலாமா?"

கட்டிலோடு அம்மாளைக் கொண்டுவந்தார்கள். சின்ன உருவம், சுருக்கம் விழுந்த முகத்தில் மகனுடைய அதே மூக்கு. நான் முதல் கேள்வியைக் கேட்டேன். அம்மாள் வாயைத் திறப்பதற்குள் பெல்மார், "ரத்த அழுத்தம் மட்டும்தான். வேறு ஒன்றும் இல்லை" என்றார். இரண்டாவது கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். அம்மாள் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

"டாக்டர் பெல்மார், நீங்கள் கொஞ்சம் வெளியே உட்காருங்கள்" என்றேன். "அம்மா பேசட்டும்."

அந்த மருத்துவமனையில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் அம்மாளின் கேட்கும் காதுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கதவைப் பார்த்தார். அது மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். மகனுக்குத் தெரியாமல் இரண்டு வருடமாக நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைத்துக்கொண்டிருந்தார். வேறு டாக்டரிடம் போய் வாங்கியது. சொன்னால் தனியாக இருக்க விடமாட்டான், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். மாத்திரைப் புட்டி கைப்பையின் அடியில், ஜெபமாலைக்குக் கீழே இருந்தது. எடுத்துக் காட்டினார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் பேசிய அந்தப் பழைய கிராமத்துப் பிரெஞ்சில் எனக்குப் புரியாத சொற்கள் பதினொன்று இருந்தன. பதினொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கதவைத் திறந்தபோது பெரிய டாக்டர் பெல்மார், போவோர் வருவோர் எல்லாம் பார்க்க, நடைபாதைப் பெஞ்சில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.